நாட்டுத் துப்பாக்கியும் அதைப் பிடித்த கையும்: ராயகிரி மலையடிவாரத்தை முன்வைத்து ஒரு காயத்தடுப்பு ஆய்வு

1. எழுப்பப்படும் வினா

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் அமைந்த பேரூராட்சி ராயகிரி. அதற்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அந்த மலையின் அடிவாரம், புளியங்குடி, கடையநல்லூர், வடகரை என்று தெற்கே குற்றாலம் வரையில், தோப்பும் வயலும் கலந்த ஒரு நீண்ட நிலமாக விரிந்து கிடக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் நிலக்கடலையும் எலுமிச்சையும் விளைகின்ற இந்நிலத்தில், இரவு நேரத்தில் காட்டைவிட்டு இறங்கிவந்து விடிவதற்குள் ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகின்ற காட்டுப்பன்றிக்கும், அதைத் தடுக்க வழியறியாது பரணில் கண்விழித்துக் கிடக்கின்ற விவசாயிக்கும் இடையே, நெடுங்காலமாக ஒரு மௌனமான போராட்டம் நடந்து வருகிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியும், அவுட்டுக்காய் என்று வழங்கப்படும் நாட்டு வெடியும் மலையடிவாரக் கிராமங்களுக்குள் புகுவது பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் வாசல் வழியாகத்தான். இறைச்சிக்காக வேட்டையாடுவோரின் ஆசையும் அதே வாசலில் காத்து நிற்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இக்கருவிகளைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை குறைவல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, இக்கருவி யாரைக் குறிவைத்தது என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. யாரைக் காயப்படுத்துகிறது என்ற கேள்வியை எழுப்பினால் கிடைக்கும் விடை வேறாக இருக்கிறது. அதைத் தக்கபடி ஆராய்ந்து, காயங்களைத் தடுப்பதற்கு எது உண்மையில் உதவும், எது உதவாது என்று நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாட்டுத் துப்பாக்கியை ஜாக்கிரதையாகக் கையாளும் முறை என்று ஒன்று இல்லை என்பதும், அதன் அபாயம் கையாள்பவனின் கவனக்குறைவில் இல்லாமல் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்பதும், ஆகவே தடுப்பு முயற்சி துப்பாக்கியைத் திருத்துவதில் தொடங்காமல் அது தேவைப்படுகின்ற சூழ்நிலையைத் திருத்துவதிலும், காயம்பட்டவன் அச்சமின்றி ஆஸ்பத்திரிக்கு வருகின்ற நிலையை உண்டாக்குவதிலும் தொடங்க வேண்டும் என்பதும் இங்கே நிறுவப்படும் கருத்துகள்.

2. இதுவரை நிலவும் மூன்று பார்வைகள்

முதலாவது, சட்டம் ஒழுங்கின் பார்வை. இதன் பிரகாரம் நாட்டுத் துப்பாக்கி ஒரு குற்றப் பொருள். அதை வைத்திருப்பவன் ஒரு குற்றவாளி. இந்தப் பார்வைக்கு நியாயமான ஆதாரம் உண்டு. ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 7 கோடியே 11 லட்சம். அவற்றுள் பதிவு பெற்றவை சுமார் 97 லட்சம் மட்டுமே. இது நேரே எண்ணிப் பெற்ற கணக்கன்று, ஊகத்தின் அடிப்படையில் அமைந்த மதிப்பீடு என்பதை மறவாமல் வாசித்தாலும், பதிவில் இல்லாதவை பதிவில் உள்ளவற்றைப் போலப் பல மடங்கு என்பது தெளிவாகவே தெரிகிறது. துப்பாக்கியால் நேரும் கொலைகளில் பெரும்பங்கு உரிமமற்ற ஆயுதங்களால் நிகழ்வதையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளும் காட்டி வந்திருக்கின்றன.

இரண்டாவது, வனவுயிர் பாதுகாப்பின் பார்வை. 2020 மே மாதத்தில், கேரளத்தின் மண்ணார்க்காட்டுப் பகுதியில், கருவுற்றிருந்த ஒரு யானை வெடிவைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்து, வெள்ளியாற்றின் நீருக்குள் நின்றபடியே உயிர்விட்ட நிகழ்ச்சி நாடெங்கும் பெருந்துயரத்தை எழுப்பியது. பன்றிக்கென்று வைக்கப்பட்ட வெடி யானையைக் கொன்றது என்பது அந்நிகழ்ச்சி உணர்த்திய பாடம். தமிழகத்து மேற்கு மலையடிவாரங்களிலும் அவுட்டுக்காய் கடித்து யானைகளும் மாடுகளும் நாய்களும் மாண்ட செய்திகள் வந்த வண்ணம் இருக்கின்றன.

மூன்றாவது, மரபின் பார்வை. இந்த மண்ணில் ஆயுதம் நேற்று வந்ததன்று. ராயகிரிக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் 1755-இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்ற பாளையக்காரர் பூலித்தேவரின் சரித்திரமும், 1767-இல் டொனால்டு காம்பெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வாசுதேவநல்லூர்க் கோட்டை நாட்கணக்கில் தடுத்து நின்ற சரித்திரமும் இவ்வட்டாரத்து ஜனங்களின் நினைவில் இன்றும் பசுமையாக உள்ளன. பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற பின், 1801 டிசம்பரில் சென்னை சர்க்கார் வெளியிட்ட பிரகடனம் பாளையத்தாரின் ஆயுதங்களைப் பறித்தது. பின்னர் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கியது. துப்பாக்கி என்பது பறிக்கப்பட்ட ஓர் உரிமையின் மிச்சம் என்று கருதும் மனோபாவத்துக்கு இந்தச் சரித்திரமே மூலகாரணம்.

மூன்று பார்வைகளிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றிலும் ஒரே குறை இருக்கிறது. முதற்பார்வைக்குச் சுடப்பட்டவன் தெரிகிறான். இரண்டாவதற்கு மிருகம் தெரிகிறது. மூன்றாவதற்கு முன்னோர் தெரிகிறார்கள். விசையை இழுத்த கையில் வெடித்த குழலையும், அந்தக் கையோடு போன விரல்களையும், அதன்பின் அரிவாள் பிடிக்க முடியாமற்போன ஒரு விவசாயக் கூலியின் மீதி ஆயுளையும் எந்தப் பார்வையும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. மரபுப் பார்வையைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பாளையத்துக் கொல்லர் செய்து கொடுத்த ஆயுதத்துக்கும், இன்று பழைய இரும்புக் கடையில் வாங்கிய குழாயில் மறைவாகப் பற்றவைத்து ஒட்டிய கருவிக்கும் இடையில் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. முன்னதன் கௌரவத்தைப் பின்னதற்கு ஏற்றிச் சொல்வது சரித்திரத்துக்கும் நியாயமன்று. அதைப் பிடிக்கப்போகின்ற இளைஞனுக்கும் நன்மையன்று.

3. அபாயம் எங்கே இருக்கிறது?

துப்பாக்கி என்பது, ஒரு முனை அடைபட்ட குழலுக்குள் கணநேரத்தில் பிறக்கும் பெரும் வாயு அழுத்தத்தை ஒரே திசையில் செலுத்தும் கருவி. அந்த அழுத்தம் முன்பக்கம் போகாமல் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ வெளியேறுமானால், கருவி தன்னைத் தாங்கியிருப்பவனையே தாக்குகிறது. ஆகவே துப்பாக்கியின் பாதுகாப்பு முழுவதும் உலோகத்தின் தரத்தையும், அடைப்பின் உறுதியையும், மருந்தின் அளவையும் பொறுத்தது. இம்மூன்றையும் எந்த மனிதனும் கண்ணால் பார்த்து நிச்சயிக்க முடியாது என்பதாலேயே, ஆயுதம் செய்யும் தேசங்கள் இதற்கெனத் தனி ஸ்தாபனங்களை நிறுவின. 1637-இல் லண்டனில் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் அமைந்து, குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பணியை ஏற்றது. 1813-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் பர்மிங்ஹாமில் சோதனைச் சாலை ஏற்பட்டது. சாதாரணமாகப் பயன்படும் அளவுக்கு மேற்பட்ட மருந்தை இட்டு, ஆள் விலகி நின்று வெடிக்கச் செய்து, அதைத் தாங்கிய குழலுக்கு மட்டுமே முத்திரை இடுவதுதான் இந்தச் சோதனையின் சாரம். நம் நாட்டிலும் உரிமம் பெற்ற உற்பத்திக்கு இத்தகைய சோதனையை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன.

நாட்டுத் துப்பாக்கிக்கோ இந்தச் சோதனை ஒருபோதும் நடைபெறுவதில்லை என்று சொல்வதைவிட, ஒவ்வொரு முறை சுடும்போதும் நடைபெறுகிறது, ஆனால் சோதனைக்கு ஆள் விலகி நிற்பதில்லை என்று சொல்வதே பொருந்தும். பறிமுதல் செய்யப்பட்ட ஒரு கருவியை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். குழலின் மேல் நீளவாட்டில் ஓடுகின்ற தையல் போன்ற ஒட்டு, அது தண்ணீருக்கோ காற்றுக்கோ செய்யப்பட்ட குழாய் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. பின்முனையில் பற்றவைத்த இடத்தில் சீரற்ற முடிச்சுகள். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிணைத்திருக்கும் கம்பி சுற்றுக்குச் சுற்று தளர்ந்திருக்கிறது. விசைக்குப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. உள்ளே துருவும், முந்தைய வெடிப்பின் கரிப்படலமும். ஒன்பது முறை தாங்கிய குழல் பத்தாம் முறை தாங்கும் என்பதற்கு இதில் எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொரு வெடிப்பும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை வளர்ப்பதால், முன்பு வெடிக்கவில்லை என்ற அனுபவமே அடுத்த ஆபத்துக்கு வழிசெய்கிறது. பழகிய கை என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது.

விபத்துகள் நேரும் வகைகளும் திரும்பத் திரும்பக் காணக்கூடியவை. குழல் பிளந்து தாங்கிய கையைச் சிதைப்பது. பின்முனையின் அடைப்பு பிய்ந்து முகத்திலும் கண்ணிலும் பாய்வது. மருந்தைக் கெட்டிக்கும்போதே பற்றிக்கொள்வது. பற்றவில்லை என்று எண்ணித் திருப்பிப் பார்க்கும் தருணத்தில் தாமதமாக வெடிப்பது. மருந்திட்டபடியே பரணிலோ குடிசைக் கூரையிலோ செருகிவைத்த கருவி குழந்தையின் கைக்குப் போவது. இருட்டில் சலசலத்த புதரைப் பன்றியென்று எண்ணிக் கூடவந்த உறவினனையே சுடுவது. இவற்றுள் கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றில், அல்லது அவற்றின் பெரும்பகுதியில், அபாயத்துக்கு இரையாவது சுடுபவனும் அவன் வீட்டாருமே. கடைசியிலும் இரையாவது பெரும்பாலும் அவனுக்கு வேண்டியவனே.

கருமருந்தின் தன்மையைப் பற்றி இவ்வட்டாரத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லாத சிவகாசியில், உரிமமும் மேற்பார்வையும் தனித்தனி அறைகளும் விதிகளும் இருந்தும் விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த தீயில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிகாரிகளின் கண்காணிப்புக்கு உட்பட்ட தொழிலிலேயே உராய்வும் வெப்பமும் இவ்வளவு கொடுமை செய்யுமானால், கண்காணிப்பே கூடாது என்ற நிபந்தனையின் பேரில் இருட்டில் நடைபெறும் ஒரு காரியத்தில் பாதுகாப்பு எப்படி நிலவும்?

4. ஆளில்லா ஆயுதங்கள்

துப்பாக்கியிலாவது ஒரு மனிதன் இருந்து விசையை இழுக்கிறான். அவுட்டுக்காயில் அந்தப் பொறுப்பும் இல்லை. தீனியின் வாசனை பூசி வரப்போரத்திலோ பன்றித் தடத்திலோ போட்டுவிட்டுப் போனபின், கடிப்பது பன்றியா, வீட்டு நாயா, மேய்ச்சல் ஆடா, மிதிப்பது விடியற்காலையில் களையெடுக்க வந்த கூலிப்பெண்ணா, பொறுக்குவது பந்தென்று நினைத்த சிறுவனா என்பதைத் தீர்மானிப்பவர் எவருமில்லை. வைத்தவன் மறுநாள் வராமற்போனாலோ, வைத்த இடத்தை மறந்தாலோ, அந்நிலம் யாருக்கும் சொந்தமல்லாத ஒரு அபாயத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இதற்கு மிக அருகில் நிற்பது இலங்கையின் அனுபவம். அங்கே வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் இடியன் துவக்கு என்று வழங்கும் உள்ளூர்த் துப்பாக்கியும், விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, கம்பியில் இடறியதும் வெடிக்குமாறு அமைக்கும் கட்டுத் துவக்கும் நீண்டகால வழக்கு. அநுராதபுரம் முதலிய இடங்களின் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் கட்டுத் துவக்குக் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காயம் பெரும்பாலும் காலில் விழுவதும், பட்டவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதுள்ள ஆண்களாக, அதிலும் விவசாயிகளாக இருப்பதும், எலும்பும் இரத்தக்குழாயும் சேர்ந்து சிதைவதால் காலையே எடுக்க நேர்வதும் அந்த ஆய்வுகளிலிருந்து தெரிய வருகின்றன. பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்த கருவி மனிதனின் காலைக் குறிவைக்கிறது என்பது அளவைப் பொறுத்த எளிய உண்மை. ஆனால் அந்த உண்மையை இலங்கை மருத்துவர்கள் எண்ணி, எழுதி, பிரசுரித்ததனால்தான் அது அங்கே ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பெயர் பெற்றது. நாம் அதிலிருந்து கற்க வேண்டியது இந்த எண்ணும் பழக்கத்தையே.

5. மறைக்கப்படும் காயம்

காயம் எண்ணப்படாமற்போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று, அச்சமே முதற்காரணம். துப்பாக்கியாலோ வெடியாலோ பட்ட காயத்துடன் ஆஸ்பத்திரிக்கு வருபவனைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் போகும் என்பது ஊரறிந்த விஷயம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற சொல்லைக் கேட்டதும், ஸ்டவ் வெடித்தது என்றும், பட்டாசு கையிலேயே வெடித்தது என்றும், வண்டியிலிருந்து விழுந்தேன் என்றும் காரணம் பிறக்கிறது. அதற்குமுன் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பி ஓர் இரவு வீட்டிலேயே கழிந்திருக்கும். தேசிய அளவில் வெளியாகும் விபத்து மரண அறிக்கை, முக்கியமாக மாண்டவர்களையே எண்ணுகிறது. மூன்று விரல் போனவனும் ஒரு கண் போனவனும் அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிறையைப் பற்றிய அச்சமும் கணக்கின் இந்தக் குறையும் சேர்ந்து, பிரச்சினையே இல்லை என்பது போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்குகின்றன.

இந்த அச்சத்தில் ஒரு பகுதி அறியாமையால் வந்தது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, காயம்பட்டு வருபவன் குற்றவாளியாயினும் நிரபராதியாயினும் அவன் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்றும், சட்டச் சம்பிரதாயங்கள் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கலாகாது என்றும் அறுதியிட்டுச் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இக்கடமை ஒன்றே. போலீஸுக்குத் தகவல் போவதை இத்தீர்ப்பு தடுக்கவில்லை. ஆனால் சிகிச்சை முந்தும் என்பதை உறுதி செய்கிறது. மலையடிவாரத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

தாமதத்தின் விலை மிகவும் கொடியது. கருமருந்துக் காயம் வெறும் வெட்டுக் காயமன்று. தீப்புண், நசுங்கல், உள்ளே புதைந்த ரவைகள், துணித்துண்டு, மண், சாணத்தூள் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்த காயம் அது. ஆகவே தசை அழுகலும் தனுர்வாதமும் சீக்கிரம் பற்றக்கூடும். முதல் சில மணி நேரத்தில் சுத்தம் செய்தால் காப்பாற்றக்கூடிய கையை, இரண்டு நாள் கழித்து வந்தால் எடுத்துவிட நேரும்.

6. சட்டத்தின் தகுதியும் எல்லையும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கடுமையான சட்டம் என்று மட்டும் வர்ணிப்பது முழு உண்மையாகாது. அதன் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதை வெளிப்படையாகவே கருதியிருக்கிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறுவகைத் துப்பாக்கிக்கும் இடமளிக்கிறது. விவசாயியின் தேவையைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்தே இருந்தார்கள். ஆனால் உரிமம் பெறும் வழி நெடியது. தேர்தல்தோறும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கி கையில் இருந்தாலுங்கூட, வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பன்றியைச் சுட அனுமதிப்பதில்லை.

1972-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கை அகற்ற உரிய அதிகாரி அனுமதிக்கலாம் என்ற விதிவிலக்கு 11-ஆவது பிரிவில் உண்டு. இதையொட்டித் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவும் பிடிக்கவும் தடை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுதல், மூன்றுக்கு மேல் வனத்துறையினரே சுடுதல் என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. வனவுயிர்க் கண்ணோட்டத்தில் இது பொறுப்பான ஏற்பாடு. பயிற்சி பெற்ற வனப்பணியாளன் கையில் சோதித்த துப்பாக்கி இருப்பது காயத்தடுப்பு நோக்கிலும் வரவேற்கத் தக்கதே. எனினும், மலையை ஒட்டிய நிலத்துக்கு, அதாவது பன்றி முதலில் இறங்கி அதிகமாக அழிக்கும் நிலத்துக்கு, மிகக் குறைந்த பரிகாரமே கிடைக்கிறது என்ற முரண்பாடு இதில் தங்கிவிட்டது. உரிமமற்ற கருவியின் கவர்ச்சி மிகுந்திருப்பதும் அதே நிலத்தில்தான்.

தண்டனையைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமமின்றி ஆயுதம் செய்வதற்குக் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று சிறைத்தண்டனையை உயர்த்தியது. கூலிக்கு ஆயுதம் செய்து விற்பவனை அடக்க இது அவசியமாகலாம். ஆனால் தண்டனை உயர உயர, காயம்பட்டவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத் தயங்கும் தயக்கமும் உயர்கிறது. செய்து விற்பவனையும், பரம்பரையாக வீட்டில் கிடந்ததை வைத்திருப்பவனையும், காயத்தோடு வந்து நிற்பவனையும் ஒரே தட்டில் நிறுத்தாமல் பிரித்துப் பார்ப்பதே விவேகம்.

7. தடுப்பின் முறை

அமெரிக்காவில் 1966-இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென அமைக்கப்பட்ட சர்க்கார் அமைப்பின் முதல் தலைவராக இருந்த மருத்துவர் வில்லியம் ஹாடன், விபத்தைத் தலைவிதி என்று கருதுவதை மறுத்து, நிகழ்வுக்கு முன், நிகழும்போது, நிகழ்ந்தபின் என்ற மூன்று கட்டங்களிலும், மனிதன், கருவி, சூழ்நிலை என்ற மூன்று கூறுகளிலும் தடுப்பைப் பிரித்து ஆராயும் முறையை வகுத்தார். நம் பிரச்சினைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், வழக்கமான அறிவுரையான ‘கவனமாக இரு’ என்பது மனிதன் என்ற ஒரு கூற்றோடு நின்றுவிடுகிறது என்பதும், அதுவே எல்லாவற்றிலும் பலவீனமான தடுப்பு என்பதும் புலனாகும்.

நிகழ்வுக்கு முன் செய்ய வேண்டியது சூழ்நிலையைத் திருத்துவது. பயிரிழப்புக்கு நிவாரணம் அறுவடைக்கு முன்பே கைக்கு வருமானால் துப்பாக்கியின் அவசியம் பாதி குறையும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தை 2026 காரீஃப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய சர்க்கார் அறிவித்திருப்பது சரியான திசையில் ஓர் அடி; சேதத்தைப் பதிவு செய்யும் முறை, செல்போன் பழக்கமில்லாத குத்தகை விவசாயிக்கும் எட்டுவதாக அமைய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கள்ள வேலி துப்பாக்கியைப் போலவே கொலைக்கருவி. அதற்கு மாறாக, உயிர் போகாத அளவில் துடிப்பு மின்சாரம் தரும் சூரிய ஒளி வேலியை, 2023-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து, தனித்தனி வயலுக்கென்று இல்லாமல் ஊர் முழுவதற்கும் ஒரே தொடராக அமைப்பது உகந்தது. தனி வேலி பன்றியை அண்டை வயலுக்கு விரட்டுகிறது. அண்டை வயல்காரன் மறுபடியும் துப்பாக்கியைத் தேடுகிறான். முறைவைத்துக் கூட்டாகக் காவல் இருப்பதும், மலையை ஒட்டிய கரும்பு வயல்களில் பன்றி பகலில் பதுங்காதபடி ஓரங்களைச் சுத்தமாக வைப்பதும் பழைய காரியங்கள்தாம். பழையவை என்பதாலேயே விட்டுவிடத் தக்கவை அல்ல.

கருவியைப் பொறுத்தவரை ஒரே வழி, அதை வீட்டிலிருந்து வெளியேற்றுவது. தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டங்களில் போலீஸாரும் வனத்துறையினரும், குறித்த காலத்துக்குள் கள்ளத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று கிராமந்தோறும் அறிவித்து, பலரை ஒப்படைக்கச் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் விலைகொடுத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கிகள் சுமார் 6.5 லட்சம். நம் மலையடிவாரத்திலும் இத்தகைய காலக்கெடுவை ஆண்டுதோறும் அறிவிக்கலாம். ஒப்படைப்பவனுக்கு வேலி அமைக்கும் மானியத்தில் முன்னுரிமை தரலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். மருந்திட்ட பழைய துப்பாக்கியையோ அவுட்டுக்காயையோ கையில் ஏந்திக்கொண்டு காவல் நிலையத்துக்கு வரச் சொல்வது, காயத்தடுப்பின் பெயரால் ஒரு காயத்தை வரவழைப்பதாகும். ஆகவே துப்பாக்கி இருக்கும் இடத்தையும் வெடி கிடக்கும் இடத்தையும் சொன்னாலே ஒப்படைத்ததாகக் கருதி, பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்லும் முறையே வேண்டும். வயலில் சந்தேகமான உருண்டையைக் கண்டவர், தொடாமலும் மிதிக்காமலும் தண்ணீர் ஊற்றாமலும், ஆடு மாடு குழந்தைகளை விலக்கி, இடத்துக்கு அடையாளம் வைத்துத் தகவல் சொல்வதே முறை என்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கற்பிக்க வேண்டும்.

நிகழ்ந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. அவற்றை அறிந்திருப்பது உயிர் காக்கும். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல், அழுத்தாமல் மூடிவைக்க வேண்டும். புதைந்த ரவையை வீட்டில் தோண்டக் கூடாது. மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்பக் கூடாது. துண்டான விரலைச் சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. 108-ஐ அழைத்து, நடந்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். ஸ்டவ் வெடித்தது என்ற பொய், மருத்துவர் தேட வேண்டிய ரவையைத் தேடாமல் விடச் செய்யும்.

8. முடிவு

எடுத்துக்கொண்ட வினாவுக்கு இனி விடை சொல்லலாம். நாட்டுத் துப்பாக்கி பன்றியிடமிருந்து பயிரைக் காப்பதாக வாக்களிக்கிறது. அந்த வாக்கை அது காப்பாற்றுவதாகவே வைத்துக்கொண்டாலும், அதற்கு ஈடாக அது கேட்பது அந்தப் பயிரை விளைவித்த கையை. சோதனையின்றிப் பிறந்த கருவியைப் பழக்கத்தால் பாதுகாப்பாக்க முடியாது. தண்டனையால் மட்டும் ஒழிக்கவும் முடியாது. தென்காசி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், அடிவாரத்து வட்ட ஆஸ்பத்திரிகளும் வெடிக் காயங்களுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, நோயாளியின் பெயரை வெளியிடாமல் காயத்தின் வகை, நேர்ந்த இடம், வந்து சேர ஆன நேரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் பிரசுரிக்குமானால், வனத்துறை எந்தக் கிராமத்தில் வேலி அமைக்க வேண்டும், வருவாய்த்துறை எங்கே நிவாரணத்தைத் துரிதப்படுத்த வேண்டும், போலீஸ் எங்கே காலக்கெடு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் ஊகத்தை விட்டு ஆதாரத்தின் மேல் நிற்கும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, பெருஞ்செலவும் தேவையில்லை. காயம்பட்டு வருபவனை முதலில் நோயாளியாகக் காணும் மனம் மூன்று துறைகளுக்கும் வர வேண்டும். ராயகிரி போன்ற ஊர்களின் பேரூராட்சி மன்றங்கள் இந்தப் பதிவேட்டையும் ஊர்ப் பொது வேலியையும் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவதிலிருந்து இந்த வேலை தொடங்கலாம். அடுத்த சாகுபடிக்கு முன்பே தொடங்குவது நலம்.